ஈரத்தில் உரிக்கிறவள்

எலிசாள் காந்தத்தை நூலில் தொங்கவிட்டபடி கியர்பெட்டியைச் சுற்றி வருகிறாள். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் அது. டக்கென்று ஒட்டிக்கொள்ளும் இடத்தில் "இரும்பு" என்கிறாள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் "அலுமினியம், சவம்" என்று முனகிவிட்டு சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுகிறாள். பெயிண்டுக்கு அடியில் என்ன உலோகம் இருக்கிறது என்று தெரியாமல் அவள் எதன்மீதும் கைவைப்பதில்லை. புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் முழங்கை வரை ரப்பர் உறை, காலில் ரப்பர் பூட்ஸ். இவற்றில் ஒன்றுகூட வீட்டு நடையைக் கண்டதில்லை. முற்றத்தின் கடைசியில் கமுகு மரத்தில் அடித்த ஆணிதான் அவற்றுக்கு வீடு.

பழைய பெயிண்டை உரிப்பது அவள் தொழில். மலையாளம் பேசும் வித்துராச் சந்தையைத் தாண்டி, பொன்முடி பஸ் மலை வளைவுகளுக்குத் தயாராகி உறுமத் தொடங்கும் இடத்தில் குடியிருக்கிறாள். எஸ்டேட் பங்களாக்களின் சன்னல் கம்பி, சர்ச் கேட், ஜீப்பின் கதவு, தையல் மெஷினின் கால், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் அவள் முற்றத்துக்கு வந்து தோலுரிந்து போகின்றன. "பெயிண்டு அடிக்கியது எந்தச் சவத்துக்கும் வரும் டீச்சரே. உரிக்கியதுக்கு இந்த ஜில்லாவில நான் ஒருத்தியாக்கும்" என்பாள். தன்னடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. நான் டீச்சர் இல்லை, மஸ்கட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பாஷை எழுதப் படிக்கிற பெண் வேறு என்னவாக இருக்க முடியும் என்பது அவள் கட்சி.

கியர்பெட்டி என் அண்ணன் தாணுமாலயனுடையது. அண்ணனுக்கு வித்துராவில் நர்சரி. மிளகுக்கொடி, ஆந்தூரியம், ரப்பர் நாற்று. பொன்முடிப் பக்கத்துப் பங்களா ஒன்றில் எந்தக் காலத்திலோ ஒரு துரை புல்வெட்ட வைத்திருந்த தோட்ட டிராக்டரை அவர் வாங்கியிருந்தார். இடுப்பு உயரத்துக்கு மேல் இல்லாத, பொம்மைபோன்ற நாலு சக்கர வண்டி. நாற்றுத்தட்டுகளை மேட்டுக்கு இழுத்துப் போக அதைவிட்டால் வேறு வழியில்லை. ஓட்டத்தில் குறையில்லை. கியர்பெட்டியில் ஊற்றுகிற எண்ணெய்தான் நிற்கவில்லை. எங்கோ கீறல் இருக்கிறது. எங்கே என்று தெரியாதபடி சிவப்பு, பச்சை, சாம்பல், மறுபடி பச்சை என்று ஆண்டாண்டுகளாக அடித்த பெயிண்ட் மரப்பட்டைபோல் மூடியிருந்தது. இந்த மாடலுக்கு வேறு கூடு இனிக் கிடைக்காது, சேதப்படாமல் உரித்துக்கொண்டு வாருங்கள், கீறல் தெரிந்தால் அடைத்துத் தருகிறோம் என்று மெக்கானிக்குகள் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு மே மாதம் விடுமுறையில் வந்த நான் அண்ணனோடு அங்கே போனபோது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஜீப்பிலிருந்து இறங்கினேன். பழைய பெயிண்ட் என்றாலே எனக்கு நடுக்கம். மஸ்கட்டில் எங்கள் அலுவலகக் கட்டடத்தைச் சுரண்டியபோது அந்தப் பொடி ரத்தத்தில் கலந்தால் என்ன செய்யும், குழந்தைகளுக்கு என்ன செய்யும் என்றெல்லாம் படம் காட்டிப் பயமுறுத்தி, ஆளுக்கு ஒரு கட்டு முகமூடி கொடுத்திருந்தார்கள். பெட்டியில் துணிகளுக்கு நடுவே அதை ஊருக்கும் எடுத்து வந்திருந்தேன்.

எலிசாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "டீச்சருக்கு ஒரே வெப்ராளம், பயம். கொள்ளாம். வெப்ராளம் உள்ளவங்கதான் எனக்குப் பிடிக்கும். மத்தவங்க எல்லாம் வந்த உடனே தொட்டுப் பாப்பினும்."

அண்ணன் அவசரக்காரர். ஜூனில் தொடங்கும் எடவப்பாதி மழை இறங்குவதற்குள் நாற்று ஏற்றியாக வேண்டும் அவருக்கு. "புளோ லாம்ப் வச்சு வாட்டினா ஒரு நேர வேலைல்லா எலிசா?"

"வாட்டலாம். பெயிண்டு பொகையாப் போவும், எனக்க நெஞ்சுக்குள்ள. பெட்டிக்க ரப்பர் சீலு உருகும். இப்ப ஒரு எடத்தில ஒழுகுத எண்ணெய் பெறவு நாலு எடத்தில ஒழுகும்."

"காஸ்டிக் சோடாவில முக்கி எடுத்தா?"

"மூடி அலுமினியம். பாயசம் ஆயிரும்."

"செரி, கம்பிச் சக்கரம் போட்டுத் தேச்சிர வேண்டியதுதானே. எல்லாவனும் அப்படித்தான செய்யான்."

எலிசாள் திரும்பி, வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த கணவர் யோசுவாவைப் பார்த்தாள். யோசுவா இடக்கையால் கட்டன்சாயாவை உயர்த்திக் குடித்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த வலக்கையை எங்களுக்காக அவர் தூக்கிக் காட்டினார். கை எழுந்தது, மணிக்கட்டு எழவில்லை. வெயில் பட்ட சேம்பிலைபோல விரல்கள் கீழே தொங்கின. அண்ணன் பேச்சை மாற்றினார்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க நான் மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். ஊரில் எனக்கு வேறு சோலிகள் இருந்தன, எதுவும் ஓடவில்லை.

முதலில் அவள் பெட்டியின் வாய்களை அடைத்தாள். எண்ணெய் மூச்சு விடும் துளைக்கு ரப்பர்க்கம்பில் சீவிய ஆப்பு, அதன்மேல் உருக்கிய மெழுகு. தண்டு வெளியே வரும் இடங்களில் கிரீஸ் அப்பி, சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, பிள்ளைக்கு அரைஞாண் கட்டுகிற கவனத்தோடு சுற்றினாள். உள்ளே மிச்சமிருந்த பழைய எண்ணெயை இறக்கவில்லை. ஒரு சொட்டு தண்ணீர் தப்பிப் போனாலும் அது அந்த எண்ணெயோடு கடைசியில் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும். பல்லோ சக்கரமோ, அது அவங்களுக்க பாடு. தோலு எனக்க பாடு" என்றாள். கியர்பெட்டிக்கு அவள் வைத்திருந்த பெயர் ஆமை.

பிறகு பசை. நீற்றிய சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் கஞ்சிப் பசையில் குழைத்து இரும்புப் பாகத்தில் கனமாக அப்பினாள். பெருக்கல் குறி போட்ட அலுமினியப் பக்கம் ஒரு துளி வழியாதபடி நடுவில் கிரீஸால் வரப்பு. அதற்குமேல் நனைத்த சாக்கு, அதற்கும் மேல் பாலிதீன். மறுநாள் அதை இலையடையைப் பிரிப்பதுபோல ஓரம் ஓரமாகப் பிரித்தாள். உள்ளே பெயிண்ட் வெந்திருந்தது. மழுங்கிய தகட்டை லேசாகக் கொடுத்தால் போதும், பச்சையும் சாம்பலும் சேர்ந்து வாழைப்பட்டைபோலச் சுருண்டு வந்தது. இடக்கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பீச்சி. தகடு போகுமுன் தண்ணீர் போகும். ஒரு விரற்கடை இடம்கூட அவள் பார்வையில் காய்ந்ததில்லை. உரிந்த இடத்தைப் புளித்தண்ணீரால் கழுவி, துடைத்து, மெல்ல எண்ணெய் தடவினாள். இரும்பு புதிதாகப் பிறந்தாற்போல் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. அலுமினியத்துக்குக் கடையில் விற்கிற ரிமூவர்தான். அந்த டப்பாவைத் திறக்கும்போது காற்றுக்கு முதுகு காட்டி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழந்தைக்குக் கசப்பு மருந்து கலக்குகிறவளைப்போலத் திறந்தாள்.

அவள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் தேங்காய்ப்பால் குடித்தால் உள்ளே போன விஷம் வெளியே வந்துவிடும் என்று நம்புகிறாள். எனக்கும் ஊற்றித் தந்தாள். குடித்தேன்.

உரிந்தது எங்கே போகிறது என்பதுதான் என்னை அதிகம் நிறுத்திவைத்தது. செதில்களைப் பால்பொடி டப்பாவில் சேர்த்தாள். கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த சேற்றைச் சிமெண்டோடு பிசைந்து அதே டப்பாவில் ஊற்றி இறுக்கினாள். வீட்டுக்குப் பின்னால், ஓட்டுச் சார்ப்புக்கு அடியில், அப்படி இறுகிய டப்பாக்கள் வரிசை வரிசையாக நின்றன. எத்தனையோ கேட்டுகளின், கட்டில்களின், ஜீப்புகளின் விஷம்.

"ஆத்தில கொட்டினா ஊரு குடிக்கும். குழி தோண்டிப் போட்டா கிணறு குடிக்கும். எனக்க கையில வந்தது எனக்க கூடவே இருக்கட்டு."

"உங்க காலத்துக்குப் பிறகு?"

"அப்ப கல்லறைக்கு கல்லு வெலைக்கு வாங்க வேண்டாம்லா" என்று யோசுவா படியிலிருந்து சொன்னார். எலிசாள் அவர்மேல் தண்ணீரைப் பீச்சினாள்.

பாதி உரிந்திருந்தபோது அஞ்சு வந்து இறங்கினாள். எலிசாளின் ஒரே மகள். நெய்யாற்றின்கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. பிரசவத்துக்கு அவளை ஜூனில்தான் அழைத்து வருவதாக ஏற்பாடு. புருஷன் லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட, மாமியார் வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், நிறைவயிறோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். கேட்டைத் திறந்து "அம்மே" என்று கூப்பிட்டபடி நேராக எலிசாளை நோக்கி நடந்தாள்.

"அவிட நில்லு" என்றாள் எலிசாள். நான் அவள் முகம் வெளுத்ததை முதன்முறையாகப் பார்த்தேன்.

வேலையை நிறுத்திவிடுங்கள், அண்ணன் காத்திருக்கட்டும் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். "நனைஞ்ச பெயிண்டு காஞ்சா செதிலா எளகும் டீச்சரே. காத்தில பறக்கும். தொடாத பெயிண்டு வாய மூடிட்டு இருக்கும், பாதி தொட்டதுதான் சும்மா இருக்காது. இனி முடிச்சுத்தான் வைக்கணும். வேற எங்க கொண்டு போனாலும் அங்கயும் ஒரு வீடு இருக்கும், அதில ஒரு பிள்ளை இருக்கும்." பெட்டியைக் கமுகுகளுக்கு அப்பால், காற்று வீட்டிலிருந்து போகும் பக்கமாக நகர்த்தவைத்தாள். முற்றத்துக்குக் குறுக்கே தேங்காய்நார்க் கயிறு ஒன்றைக் கட்டினாள். அந்தப் பக்கம் அஞ்சு, இந்தப் பக்கம் ஆமை.

கயிற்றுக்கு இருபுறமும் நின்று தாயும் மகளும் பேசிக்கொள்வதைக் கேட்பது ஒரு தனி விருந்து.

"அம்மே, தலையில கொஞ்சம் எண்ணெய் வச்சுத் தா."

"சாயங்காலம். குளிச்சிட்டு வந்து வைக்கேன்."

"அந்த ஆமைக்கு காலையில முதல் தேய்ப்பு. எனிக்கு மாத்திரம் சாயங்காலம். எனிக்கு மதியாச்சு, நான் நெய்யாற்றின்கரைக்கே திரிச்சு போறேன்."

"ஆமை எனக்க மொவ இல்ல. அதான் தொடுதேன்."

அஞ்சு உதட்டைச் சுழித்துக்கொண்டு உள்ளே போவாள். சற்று நேரத்தில் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கயிற்றோரமாகப் போட்டு உட்காருவாள். எலிசாள் தண்ணீர் பீச்சியை உயர்த்திக் காட்டுவாள். நாற்காலி இரண்டடி பின்னால் போகும்.

வேலை எவ்வளவில் இருக்கிறது என்று பார்க்க வந்த அண்ணனுக்கு இந்தக் கயிற்றைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. "இதென்ன தீட்டு மாதிரி? என்னவாக்கும் இதில?"

"ஈயம்" என்றாள் எலிசாள். "அடியில செவப்பு இருக்குல்லா, அதெல்லாம் ஈயமாக்கும்."

"ஈயத்துக்கா இவ்வளவு பாடு? எங்க வீட்டில இன்னைக்கும் ரசம் வைக்கது ஈயச்சொம்புல. அம்மைக்கு எண்பது வயசு தாண்டியாச்சு."

எலிசாளின் தகடு நின்றது. யோசுவாதான் பேசினார். டவுனில் ஒரு பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் அவருக்கு வேலை. பழைய பஸ்களின் பெயிண்டைக் கம்பிச் சக்கரம் வைத்துக் நனைக்காமல் காய்ந்தபடியே தேய்த்து எடுப்பார். வயிற்றுவலியும் தளர்ச்சியும் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"டாக்டர் ரத்தத்தில ஈயம் உண்டுன்னாரு. நம்ம ஆளுகளுக்கு ஈயம்னா என்ன தெரியும்? பித்தளப் பானைக்கு உள்ள பூசுதது. அல்லெங்கி இவரு சொல்லுத ரசச்சொம்பு. இவ வீட்டுக்கு வந்தா. ஈயம் பூசின பாத்திரம் முழுக்க வாரி முற்றத்தில எறிஞ்சா. கல்யாணத்துக்குக் கிட்டின அண்டாவும் போச்சு. பெறவு மண்சட்டியில கஞ்சி. நானும் கஞ்சி குடிச்சிட்டு, அப்பாடா வெசம் ஒழிஞ்சுதுன்னு, பழையபடி சக்கரத்தப் பிடிக்கப் போனேன். மறுக்கா போனப்பதான் டாக்டர் என்ன ஜோலி செய்யுதேன்னு கேட்டாரு. அதுக்குள்ள கை தாந்து போச்சு."

"பாவம், பாத்திரங்க என்ன பிழச்சுது" என்றாள் எலிசாள். தகடு மறுபடி நகர ஆரம்பித்தது.

ரசச்சொம்பு வெள்ளீயம், பெயிண்டில் இருப்பது காரீயம், இரண்டும் வேறு வேறு உலோகம் என்று நான் அண்ணனுக்கு விளக்கினேன். எலிசாள் நிமிர்ந்தாள். "எடீ டீச்சரே, அப்படி ஒரு வார்த்தை இருந்தா முதல்ல சொல்லப்பிடாதா? என்ன, காரியமா?"

"காரீயம்."

"காரியம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

"வயித்துப்பிள்ளைக்காரி இருக்க வீட்டில காரியம்னு சொல்லாதீங்க" என்று அண்ணன் பதறினார். அவருக்குக் காரியம் என்றால் பதினாறாம் நாள்.

எலிசாள் சிரித்த சிரிப்பில் கமுகிலிருந்த காகம் பறந்தது. "மலையாளத்துக்காரன்கிட்ட 'அதில காரியம் உண்டு'ன்னு சொன்னா 'எந்து காரியம்'னு கேட்டுட்டு கிட்ட வருவான். உங்களுக்குச் சாவு, அவனுக்கு விசேஷம். ரண்டு பாஷை படிச்சும் டீச்சருக்கு ஒரு உருப்படியான வார்த்தை கிட்டல்லியே." ஈயம் ஈயமாகவே இருந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை செய்வதில்லை. பெட்டியை நனைந்த சாக்கால் மூடி, அதன்மேல் பாலிதீன் கட்டி, சர்ச்சுக்குக் கிளம்பிவிடுவாள். அன்று காலை பாலிதீன் ஷீட் கொண்டுவந்த அண்ணனின் டிரைவர் பிரதீஷிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள்: "ஈயமாக்கும், தொடாத." நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது சர்ச் விட்டுவந்த எலிசாளும் யோசுவாவும் எதிரே வந்தார்கள். மூவருமாக நடந்தோம். வளைவு திரும்பும் முன்னே அந்தச் சத்தம் கேட்டது. இரும்பின்மேல் கம்பிச் சக்கரம் ஓடுகிற, பல்லைக் கூசவைக்கும் கீச்சல்.

யோசுவா நின்றுவிட்டார். எலிசாள் ஓடினாள். வெள்ளைச் சேலையும் கையில் பைபிளுமாக ஓடி, மெஷின் பக்கம் போகாமல், சாலையோரத்துச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டிக்குப் போய் ஃபியூசைப் பிடுங்கினாள். சத்தம் செத்தது.

முதலாளிக்கு அவசரம், நாம் கொஞ்சம் உதவி செய்வோம் என்று பிரதீஷ் நினைத்திருக்கிறான். நர்சரியிலிருந்து கிரைண்டரும் கம்பிச் சக்கரமும் கொண்டுவந்து, மூடியிருந்ததைப் பிரித்து, பெட்டியின் அடிப்பக்கத்தில் காய்ந்திருந்த சிவப்பைத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறான். அவனைச் சுற்றி இளஞ்சிவப்பில் ஒரு மெல்லிய மூட்டம் தொங்கியது. காற்று அன்று திசை மாறி வீட்டுப் பக்கம் வீசியது. கொடியில் காயப்போட்ட துணிகளை எடுப்பதற்காக அஞ்சு வெளியே வந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் வராமல்தான், நின்றுகொண்டிருந்தாள்.

எலிசாள் கத்தவில்லை. "மொவளே, துணியை விடு. முந்தானையால மூக்கையும் வாயையும் பொத்து. அப்படியே வடக்க நடந்து ஓமனா வீட்டுக்குப் போ. குளி. உடுத்த துணிய வாளித் தண்ணியில முக்கி வை. ஓடாத. நட." அடுத்த வீட்டு ஓமனா வேலிக்கு அப்பால் நின்று கையை நீட்டினாள். அஞ்சு நடந்தாள். அவள் போய் மறையும் வரை எலிசாள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு பிரதீஷிடம் திரும்பினாள். "அனங்காத. கையை உதறாத. மூச்ச மெல்ல விடு."

"அக்கா, ஈயந்தானே" என்றான் அவன், வெளிறிப்போய். "எங்கம்மை பாத்திரத்துக்கு ஈயம் பூசி அதிலல்லவா சோறு வைக்கா. அதுக்கு என்ன ஆவும்னு நினைச்சேன். பெட்டி கேடாவும்னு சொல்லுதியளோன்னு..."

பின்னாலேயே வந்து சேர்ந்த யோசுவா வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று பையில் போட்டு வந்திருந்த மஸ்கட் முகமூடிக் கட்டை எடுத்துக் கொடுத்தேன். எலிசாள் ஒன்றை முகர்ந்து பார்த்தாள், மாட்டிக்கொண்டாள், "இது கொள்ளாம்" என்றாள். அதற்குப்பிறகு அவள் செய்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. பூவாளியால் தரையை நனைத்தாள்; ஊற்றவில்லை, ஊற்றினால் பொடி எழும்பும் என்று தூறலாகத் தெளித்தாள். பிரதீஷை நின்ற இடத்திலேயே நனைத்து, சட்டையைக் கழற்றவைத்து, தோட்டத்துக் கோடியில் சோப்பு தேய்த்துக் குளிக்க அனுப்பினாள். கொடியிலிருந்த துணிகளைத் தனித் தொட்டியில் முக்கினாள். பிறகு இலைகள். காற்றுப் பக்கத்துச் செம்பருத்தி வேலியின் ஒவ்வோர் இலையையும், மேலும் கீழும், நனைந்த துணியால் துடைத்தாள். சன்னல் கம்பி, கதவின் மேல்விளிம்பு, தென்னமட்டை, செருப்பு, அஞ்சு உட்காரும் நாற்காலியின் பின்னல் ஒவ்வொன்றாக. துடைத்த துணி மறுபடி துடைக்கப் பயன்படவில்லை. நனைந்த மேல்மண்ணைச் சட்டுவத்தால் சுரண்டி டப்பாக்களில் நிரப்பினாள். வெயில் சாயும் வரை அவள் குனிந்தே இருந்தாள். கோவிலைக் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முடியும் நேரத்தை எதிர்பார்த்துக் கழுவுவார்கள். இவள் அப்படியல்ல, முடிவு என்ற ஒன்று இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

அஞ்சுவை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, பயப்படவேண்டாம் என்றார் அவர். "கண்ணுக்குத் தெரியாதத கண்ணால பாத்தா சொல்லுதாரு?" என்றாள் எலிசாள். மகளை ஓமனாவின் வீட்டிலேயே இருக்கவைத்தாள். சாயங்காலம் குளித்துத் துணி மாற்றியபின் வேலிப்பக்கம் போய், அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்காரும் மகளின் தலைக்கு எண்ணெய் வைப்பாள்.

மழைக்கு முந்திய ஒரு நாள் கடைசிப் பாகமும் உரிந்தது. ஓலைக் கீற்றுக்குக் கீழே ஆமை தோலில்லாமல் கிடந்தது. அண்ணனும் நானும் போயிருந்தோம். எலிசாள் சாக்கட்டிப் பொடியைத் தண்ணீரில் கரைத்து அடிப்பாகம் முழுக்க வெள்ளையடித்துக் காயவிட்டாள். நாங்கள் சாயா குடித்துவிட்டு வந்து குனிந்து பார்த்தபோது, போல்ட் துளை ஒன்றிலிருந்து தொடங்கி, தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு வெள்ளையின்மேல் தானாக வரைந்துகொண்டு போயிருந்தது. உள்ளேயிருந்த எண்ணெய் கசிந்து காட்டிக்கொடுத்த கீறல். எங்கள் கண்ணெதிரிலேயே அது இன்னும் ஓர் இம்மி நீண்டது.

"உங்களுக்க கள்ளன்" என்றாள் எலிசாள். அண்ணன் முழங்காலிட்டுப் பார்த்தார். "இனி எண்ணெய இறக்கி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, உங்க ஆளுக்கிட்ட கொடும். சக்கரம் பிடிக்கவன் கையில மட்டும் கொடுத்திராதும்."

உரித்தெடுத்த கடைசிச் செதில்களை அவள் இரு கைகளாலும் அள்ளி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ரப்பர் உறையின் விரல் எப்போதோ கிழிந்து, சிவப்புச் சேறு உள்ளே இறங்கியிருந்தது. அப்போதுதான் வேலிக்கு அப்பாலிருந்து ஓமனா கூப்பிட்டாள்: "எலிசா, வெள்ளம் பொட்டி. வேதனை துடங்கி." அஞ்சுவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

அண்ணன் ஜீப்பை நோக்கி ஓடினார். ஓமனா அஞ்சுவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கேட் வழியாக வந்தாள். அஞ்சு வளைந்து, கேட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டு "அம்மே" என்றாள். எலிசாள் எழுந்து, உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பூட்சும் சட்டையுமாக நாலைந்து எட்டு பாய்ந்தாள். கயிறு வயிற்றில் முட்டியது. நின்றாள்.

தன் கைகளைப் பார்த்தாள்.

"வண்டியில ஏத்து ஓமனா. சாய்ச்சு உக்கார வை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பூட்சைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சட்டை, தலைத்துண்டு. கல்தொட்டியருகே குனிந்து முழங்கையிலிருந்து கீழ்நோக்கிச் சோப்புப் போட்டாள். கழுவினாள். மறுபடி போட்டாள். முகம், கழுத்து, காது மடலின் பின்புறம். அஞ்சுவின் கதறல் ஜீப்புக்குள்ளிருந்து வந்தது. நான் போய் எலிசாளின் தோளைத் தொட்டேன், போதும் வாருங்கள் என்றேன். அவள் என் கையை விலக்கினாள்.

"அம்மே, எவிட?"

"இந்தா வந்தாச்சு மக்களே, வந்தாச்சு, அம்மை வந்தாச்சு." குரல் முற்றத்தைத் தாண்டி ஓடியது. கைகள் ஓடவில்லை. தென்னை ஈர்க்கில் ஒன்றை முறித்து, நகத்தின் அடியில் ஒவ்வொரு விரலாகக் கொடுத்து எடுத்தாள். அண்ணன் ஹாரனை அழுத்தினார். எலிசாள் சுண்டுவிரலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் தண்ணீரில் முக்கினாள்.